மகிந்திரா எஃப்சி 150 பிக்கப்புக்கு டீசல் எஞ்சின்: எதைப் போடலாம்?

ஏலத்தோட்டம்:
வணக்கம். போடியில் எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு மகிந்திரா எஃப்சி 150 பிக்கப் நிற்கிறது. 1970 பதிவு, 4 வீல் டிரைவ். பானெட் கிடையாது, டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் பெட்டி போட்டு மூடிய எஞ்சின். 90களில் குரங்கணிப் பக்கம் ஒரு எஸ்டேட்டிலிருந்து பெரியப்பா வாங்கியது. உள்ளே இருப்பது ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின். ஓடுகிறது, ஆனால் நீலப் புகை. மலை ஏறினால் லிட்டருக்கு ஐந்து, ஆறு கிலோமீட்டர்தான் தருகிறது.

போடியிலிருந்து பூப்பாறைக்கு வாரம் ஒரு தடவை உர மூட்டையும் வரும்போது ஏலக்காயும் ஏற்றினால் போதும். எப்படியும் எஞ்சினை இறக்கித்தான் ஆகவேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்குகிற கையோடு டீசலாக மாற்றிவிடலாமா? மாற்றுவதென்றால் எந்த எஞ்சின் பொருந்தும்? பாடியையும் சேசிஸையும் வெட்டாமல் முடிந்தால் நல்லது.

பழைய இரும்பு:
தம்பி, தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். எஃப்சி 150 அமெரிக்காவில் 1957 மாடலாக வில்லிஸ் கொண்டுவந்த வண்டி, வடிவமைத்தவர் ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ். 81 அங்குல வீல்பேஸில் ஆறடிக்கு மேல் நீளமான தொட்டியை வைத்துக் காட்டினார்கள். அங்கே அது சரியாக விற்கவில்லை. அவர்கள் கைவிட்ட காலத்தில் மகிந்திரா இங்கே எடுத்துச் செய்தது. இன்று அசல் எஞ்சினோடு நிற்கும் எஃப்சி எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

ஹரிகேன் எஞ்சினும் சாதாரணமானதில்லை. உறிஞ்சும் வால்வு ஹெட்டில், புகை வால்வு பிளாக்கில். 2199 சிசி, 75 குதிரைத்திறன். நீலப் புகை என்றால் ரிங், வால்வு கைடு வேலைதான். போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் இன்னும் இருபது வருடம் ஓடும்.

இன்னொன்று. 50 வயதைத் தாண்டிய சொந்த உபயோக வண்டிகளுக்கு 2021-இல் வின்டேஜ் பதிவு கொண்டுவந்தார்கள். நம்பரில் ‘விஏ’ என்று வரும். எஞ்சினையோ சேசிஸையோ பாடியையோ பெரிய அளவில் மாற்றியிருந்தால் அது கிடைக்காது. டீசல் போட்டால் அந்தக் கதவை நீங்களே சாத்துகிறீர்கள்.

மேட்டுக்கியர்:
ஐயா சொல்வது ஷோவுக்குப் போகிற வண்டிக்கு. வின்டேஜ் பதிவு வாங்கினால் அதை தினப்படி ரோட்டில் ஓட்ட முடியாது, வாடகைக்கும் விட முடியாது. கண்காட்சி, ராலி, சர்வீஸ், பெட்ரோல் போட என்று அதற்கான காரணத்துக்குத்தான் வெளியே எடுக்கலாம். இவர் கேட்பது மூட்டை ஏற்ற.

நான் போடிமெட்டில் ஜீப் ஓட்டுகிறவன். தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பில் பெட்ரோல் எஞ்சினை யாரும் வைத்துக்கொண்டதில்லை. ஒரு காலத்தில் டீசல் விலை பெட்ரோலில் பாதிகூட இல்லை. அதனால் நல்லா ஓடுகிற பெட்ரோல் எஞ்சினையே கழற்றிப் போட்டுவிட்டு டீசல் வைத்தார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது, அதையும் சொல்லவேண்டும். ஆனாலும் ஆறு கொடுக்கிற இடத்தில் பத்து, பதினொன்று கொடுக்கும். அதோடு இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் ஏற்றுகிற ஏசி பம்ப்பின் டயஃப்ரம் எல்லாம் அதற்குத் தாங்காது.

லேத்மணி:
கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பெட்ரோல் நல்லதா டீசல் நல்லதா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் தவறு.

டீசல் போட்டால் இழுவை கூடும் என்பார்கள். மகிந்திரா எம்எம்540 ஜீப்பில் வந்த எக்ஸ்டிபி 4.90 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். பியூஜோ வடிவமைப்பு, 2112 சிசி, 62 குதிரைத்திறன். அதன் டார்க், அதாவது சுழற்றும் விசை, 12 கிலோகிராம் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் ஹரிகேனுக்குத் தாளில் 15-க்கு மேல். அது பழைய அமெரிக்க முறையில், ஃபேன், டைனமோ எதையும் சேர்க்காமல் அளந்தது. அதைக் கழித்தாலும் பெட்ரோல்தான் முன்னே நிற்கும். டர்போ இல்லாத சின்ன டீசலை வைத்துவிட்டு மலையில் பறக்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். எரிபொருள் மிச்சமாகும், மூச்சு விடாமல் நாள் முழுக்க ஒரே வேகத்தில் இழுக்கும். கிடைக்கிற லாபம் அவ்வளவுதான்.

அதனால் சிசி கூடிய எஞ்சினாகப் பாருங்கள். பழைய கமாண்டர், மார்ஷல் டிஐ வண்டிகளில் வந்த 2523 சிசி எம்டிஐ 3200 இருக்கிறது. 3.5 அங்குல போர், 4 அங்குல ஸ்ட்ரோக். அடிப்படையில் அது இன்டர்நேஷனல் டிராக்டர் எஞ்சினின் வம்சம். அதற்கு முன்னால் வந்த 2350-உம் அதே வம்சம்தான், பி-275 டிராக்டரில் இருந்தது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்பதால் எம்டிஐக்கு நம்ம ஊர்க் குளிருக்கு ஹீட்டர் பிளக் தொல்லை பெரிதாக இருக்காது. சத்தம் இருக்கும். எஃப்சியில் எஞ்சின் உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம்.

குவாலிஸ் 2எல் எஞ்சினும் நிறையப் பேர் போடுகிறார்கள். 2446 சிசி, 75 குதிரைத்திறன், அமைதியானது. ஆனால் கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் பொருத்த எல்லாமே புதிதாகச் செய்யவேண்டும்.

ஹூஸ்டன்காரன்:
இங்கே அமெரிக்காவில் பழைய ஃபோர்டு எஃப்-100, செவ்ரொலே சி10 பிக்கப்புகளில் டீசல் மாற்றுவது ஒரு தனி உலகம். 1989 மாடல் டாட்ஜில் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டரைத்தான் பெரும்பாலும் தேடுவார்கள். இடமில்லாத வண்டிக்கு அதன் தம்பி 4பிடி, 3.9 லிட்டர், நாலு சிலிண்டர். ரொட்டி, சிப்ஸ் டெலிவரி வேன்களில் ஓடியது, வேன் ஸ்கிராப்புக்குப் போகும்போது எஞ்சினை வாங்கிவிடுவார்கள். 105 குதிரைத்திறன்தான், ஆனால் டார்க் 36 கிலோகிராம் மீட்டர். கம்மின்ஸ் பி சீரிஸ் ஜாம்ஷெட்பூரிலேயே டாடாவோடு சேர்ந்து செய்கிறார்களே, அங்கே கிடைக்காதா?

லேத்மணி:
கிடைக்கும் சார். ஆனால் 4பிடி மட்டுமே 340 கிலோவுக்கு மேல். எஃப்சியில் டிரைவர், எஞ்சின் எல்லாம் முன் ஆக்சிலுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. காலி தொட்டியோடு இறக்கத்தில் பிரேக் போட்டால் இப்போதே பின் சக்கரம் லேசாகும், அந்த எஞ்சினை வைத்தால் கேட்கவே வேண்டாம். அதோடு 36 கிலோ டார்க்கை இந்தப் பழைய மூன்று கியர் டி-90 பெட்டிக்குக் கொடுத்தால் முதல் கொண்டை ஊசியிலேயே பல்லைப் பொறுக்கவேண்டியதுதான். எஃப்-100 பெரிய வண்டி, நீளமான பானெட். இது வேறு.

ஹூஸ்டன்காரன்:
ஒப்புக்கொள்கிறேன். இங்கேயும் எஞ்சினை விட மற்ற வேலைகளில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். எஞ்சின் 2500 ஆர்பிஎம்மில் நின்றுவிடும், ஆக்சில் ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பது) பெட்ரோலுக்கு வைத்தது 4.10. ஹைவேயில் 90 தாண்டினாலே எஞ்சின் கத்தும். ஓவர்டிரைவ் பெட்டிக்குச் செலவு எஞ்சின் விலையைத் தாண்டிப் போகும்.

மேட்டுக்கியர்:
இறக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. போடிமெட்டில் 17 கொண்டை ஊசி. பெட்ரோலில் ஆக்சிலரேட்டரை விட்டால் த்ராட்டில் மூடிக்கொண்டு எஞ்சின் வண்டியைப் பிடிக்கும். டீசலில் த்ராட்டில் கிடையாது, காற்று பாட்டுக்கு உள்ளே போய் வரும். எக்ஸாஸ்ட் பிரேக் இல்லாத சின்ன டீசலில் பிடிப்பு குறைவு என்பது ஓட்டினால் தெரியும். லோடோடு இரண்டாவது கியரில் இறங்குகிற இடத்தில் ஃபர்ஸ்ட் போடவேண்டி வரும். டி-90 பெட்டியில் ஃபர்ஸ்ட் கியருக்கு, ஓடும்போதே பல்லைச் சேர்த்து விழவைக்கும் சிங்க்ரோ இல்லை, ஓடும்போது விழாது. வளைவுக்கு முன்னாலேயே நிறுத்திப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். நாலு சக்கரமும் டிரம், பூஸ்டர் கிடையாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆர்சி புக்:
எஞ்சின், பிரேக் எல்லாம் பிறகு. முதலில் ஆர்சியை எடுத்துப் பார்த்தீர்களா?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அனுமதி இல்லாமல் மாற்றினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே வகை எஞ்சினை முன் அனுமதியோடு போட்டு நம்பரைப் பதிவது ஒன்று. பெட்ரோல் வண்டியில் வேறொரு மாடலின் டீசல் எஞ்சினை வைத்து எரிபொருளையும் மாற்றுவது முற்றிலும் வேறு. 80களில் ஆர்டிஓ ஆபீஸில் சுலபமாக நடந்தது இன்று நடக்காது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது எஞ்சின் நம்பரைத்தான்.

ஆர்சியில் எரிபொருள் என்ன, எஞ்சின் நம்பர் என்ன, கூடுதலாக ஏதாவது முத்திரை இருக்கிறதா, பார்த்துவிட்டு வாருங்கள்.

ஏலத்தோட்டம்:
பார்த்தேன். இப்போதுதான் குழப்பமே. பழைய புத்தக ஆர்சி. முதல் பக்கத்தில் எரிபொருள் பெட்ரோல். உள்ளே நாலாவது பக்கத்தில் 1986 தேதியில் ஒரு முத்திரை, கையெழுத்து: எஞ்சின் மாற்றம், எரிபொருள் டீசல், ஒரு புது எஞ்சின் நம்பர். வண்டியில் இருக்கிற ஹரிகேன் பிளாக்கில் உள்ள நம்பர் அதோடு ஒத்துப்போகவில்லை.

பெரியப்பாவிடம் கேட்டேன். சிரிக்கிறார். அவர் வாங்கும்போது வண்டியில் எஞ்சினே இல்லையாம்! எஸ்டேட்காரர்கள் டீசல் எஞ்சினைக் கழற்றி ஓடையிலிருந்து தண்ணீர் ஏற்ற பம்ப் ஷெட்டில் வைத்துக்கொண்டு, வெறும் வண்டியை மலிவாகக் கொடுத்திருக்கிறார்கள். இவர் மதுரையில் ஒரு பழைய ஜீப்பின் பெட்ரோல் எஞ்சினை வாங்கிப் பொருத்தியிருக்கிறார். அதை ஆர்சியில் ஏற்றவே இல்லை.

பழைய இரும்பு:
அட! அப்படியென்றால் நான் காப்பாற்றச் சொன்ன ‘அசல்’ எஞ்சினே அசல் இல்லை. வின்டேஜ் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த ஹரிகேனை இறக்கினால் இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அதே எஞ்சின் உள்ள சிஜே-3பி ஜீப் வைத்திருக்கிற ஆள் நிச்சயம் வாங்குவார்.

இப்படி மாறி மாறி எஞ்சின் ஏறிய வண்டிகள் நம்ம பக்கம் ஏராளம். மெட்ராஸ் சிம்ப்சன் கம்பெனி 50களில் பெர்கின்ஸ் பி6 டீசலைச் செய்ய ஆரம்பித்ததும் லாரிக்காரர்கள் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு அதை ஏற்றினார்கள். ஒரு சேசிஸ் மூன்று எஞ்சினைப் பார்த்திருக்கும்.

ஆர்சி புக்:
சட்டப்படி உங்கள் வண்டி 1986-இலிருந்து டீசல் வண்டி. இப்போது பெட்ரோலில் ஓடுவதுதான் தவறு. ஆகவே நீங்கள் கேட்கவேண்டியது எரிபொருள் மாற்றம் இல்லை, பதிவான வகை எஞ்சினைத் திரும்ப வைப்பது. ஆர்சியில் எஞ்சின் என்ன மாடல் என்று எழுதியிருக்கிறதா? அந்த 1986 மாற்றம் ஆன்லைன் பதிவிலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். புத்தகத்தில் இருந்து கம்ப்யூட்டரில் ஏற்றும்போது முதல் பக்கத்தை மட்டும் தட்டியிருந்தால் அங்கே பெட்ரோல் என்றே இருக்கும். அப்படி இருந்தால் அதைத் திருத்திய பிறகுதான் மற்றதெல்லாம். வாய்ப்பேச்சை நம்பாமல் ஆர்டிஓவிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஏலத்தோட்டம்:
‘இன்டர்நேஷனல் 2350’ என்று இருக்கிறது. ஆன்லைனில் டீசல் என்றே காட்டுகிறது, நம்பரும் 1986 நம்பர்தான்.

லேத்மணி:
நல்லது, வேலை பாதி குறைந்தது. 2350-ஐ ஜீப்பில் மகிந்திராவே போட்டு விற்றது. அப்படி வந்த சிஜே வண்டிகளின் ஹவுசிங், கிளட்ச், பவுண்டேஷன் பிராக்கெட் எல்லாம் தேடினால் அகப்படும். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கத் தனி அடாப்டர் பிளேட் வெட்டவேண்டிய அவசியம் வராமல் போகலாம். ஆனால் ஒன்று: டிராக்டரிலிருந்து எடுத்த எஞ்சினை வாங்கிவிடாதீர்கள். டிராக்டரில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழேயே பிடித்துக்கொள்ளும். ஆயில் சேம்பரும் பின் பக்கமும் வேறு மாதிரி. ஜீப்பில் இருந்த எஞ்சினாகக் கேட்டு வாங்குங்கள்.

ஹவுசிங் கிடைத்தாலும் அப்படியே போல்ட் போட்டு முறுக்கிவிடக் கூடாது. கிராங்க் மையமும் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் மையமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் விலகினாலும் பைலட் பேரிங் முதலில் போகும், அப்புறம் கிளட்ச் பிளேட்டின் நடு ஸ்ப்லைன், கடைசியில் கியர் பாக்ஸ் முன் பேரிங். மெக்கானிக் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருப்பார், காரணம் மட்டும் அங்கேயே இருக்கும்.

டேங்க் விஷயத்தில் சோம்பல் வேண்டாம். பெட்ரோலில் வழவழப்பு இல்லை, மிச்சம் இருப்பது பம்ப்புக்குள் போனால் பம்ப், நாசில் இரண்டையும் அரிக்கும். டேங்கை இறக்கி, கழுவி, உள்ளே துரு இருந்தால் புதிதாகவே செய்துவிடுங்கள். நாசிலிலிருந்து திரும்பி வருகிற டீசலுக்குத் தனி ரிட்டர்ன் லைன் வேண்டும், பெட்ரோல் டேங்கில் அதற்கான துளை இருக்காது. தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர் கட்டாயம் போடுங்கள். மழைக்காலத்தில் கேனில் டீசல் வாங்கி ஊற்றுகிற ஊர் உங்களுடையது.

வைப்பர் வேக்குவத்தில் ஓடுவதா என்று பாருங்கள். டீசலில் உறிஞ்சும் குழாயில் வேக்குவம் இருக்காது, வைப்பர் அசையாது. பின்னால் வேக்குவம் பம்ப் ஒட்டிய ஆல்டர்னேட்டர் போட்டால் வைப்பருக்கும் ஆகும், நாளைக்கு பிரேக்குக்கு பூஸ்டர் வைத்தால் அதற்கும் ஆகும். பூஸ்டரை நான் வலியுறுத்தியே சொல்வேன், மேட்டுக்கியர் சொன்ன இறக்கத்துக்காக.

ஆக்சில் ரேஷியோவைப் பற்றி: இதில் 5.38 இருக்கவேண்டும். 7.00-16 டயரில் 2400 ஆர்பிஎம்முக்கு 63 கிலோமீட்டர் வேகம் வரும், 3200-க்கு 84. சிலர் 4.27 போடச் சொல்வார்கள், அதில் 2400-க்கே 80-ஐ ஒட்டிப் போகலாம். ஆனால் 4 வீல் டிரைவில் முன்னும் பின்னும் மாற்றவேண்டும். லோ ரேஞ்சில் ஃபர்ஸ்ட் கியரின் மொத்தக் குறைப்பு இப்போது 37 மடங்கு, அது 29-ஆக இறங்கிவிடும். உர மூட்டையோடு தோட்டத்துக்குள் ஏறுகிறவருக்கு அந்த 37தான் வேண்டும். அந்த ரேஷியோவைத் தருகிற கிரவுன் பினியனைத் தொடாதீர்கள்.

மேட்டுக்கியர்:
சாவியை அணைத்தால் இது நிற்காது, ஸ்டாப் கேபிள் இழுக்கவேண்டும். அதை டேஷ்போர்டில் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். பேட்டரியும் பெரியது வேண்டும், கம்ப்ரஷன் பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பழைய செல்ஃப் கேபிளை வைத்து ஓட்டாதீர்கள், அது சூடாகி இன்சுலேஷன் உருகும்.

ஏலத்தோட்டம்:
நன்றி அண்ணன்மார்களே. நேற்று குரங்கணி போயிருந்தேன். அந்த எஸ்டேட் இப்போது வேறு ஆள் கையில். பம்ப் ஷெட் இருக்கிறது, எஞ்சினும் இருக்கிறது! கரண்ட் மோட்டார் வந்த பிறகு யாரும் ஸ்டார்ட் பண்ணவில்லை. மேலே பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சுரண்டிப் பார்த்ததில் முதல் நாலு எழுத்து ஆர்சியோடு ஒத்துப்போகிறது, மற்றது துருவில் படிக்க முடியவில்லை. ஃப்ளைவீல் ஹவுசிங் இல்லை, பம்ப்போடு இணைக்க அதைக் கழற்றிவிட்டு ஒரு ஆங்கிள் ஃபிரேமில் வைத்திருக்கிறார்கள். ஆயில் சேம்பர் ஜீப்புடையது போலத்தான் தெரிகிறது. பழைய இரும்பு விலைக்குத் தரத் தயார் என்கிறார்.

ஆர்சி புக்:
வாங்குங்கள். பில் கட்டாயம், அதில் எஞ்சின் நம்பர் எழுதியிருக்கவேண்டும். நம்பர் இருக்கிற இடத்தில் கிரைண்டர், உளி எதையும் கொண்டுபோகாதீர்கள். திருத்தியது மாதிரித் தெரிந்தால் வேறு பிரச்சினை. மண்ணெண்ணெய், நைலான் பிரஷ், அவ்வளவுதான். படிக்க முடிந்ததும் பென்சில் அச்சு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லேத்மணி:
விலை பேசும் முன் இதைச் செய்யுங்கள். நாசில் நாலையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து விட்டு ஒரு ராத்திரி ஊறட்டும். மறுநாள் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றவில்லை என்றால் பைப் போட்டு முக்காதீர்கள், லைனரோடு ரிங் ஒட்டியிருக்கும். சுற்றினால் ஃப்ளைவீலை முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள், கிராங்க் ஆட்டம் தெரியும். சேம்பரைத் திறந்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பம்ப் செட்டில் ஓடிய எஞ்சின் என்பதால் கவர்னரை யாராவது குறைத்துக் கட்டியிருப்பார்கள், பம்ப்பைக் கழற்றி சர்வீஸ் கடையில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றாமல் வண்டியில் வைக்கவேண்டாம். நம்பர் ஒத்துவந்து பிளாக்கில் வெடிப்பு இல்லை என்றால், லைனர், பிஸ்டன் எல்லாம் மாற்றினாலும் எனக்குப் பரவாயில்லை என்றுதான் படுகிறது. ஹவுசிங் நான் தேடித் தருகிறேன். கியர் பாக்ஸ் முகத்தில் இருக்கிற போல்ட் துளைகளின் அளவை எடுத்து அனுப்புங்கள்.

ஏலத்தோட்டம்:
நாசில் கழற்ற ஞாயிற்றுக்கிழமை ஆளோடு போகிறேன். ஃப்ளைவீல் அதிலேயே இருக்கிறது, ஆனால் ரிங் கியரில் நாலைந்து பல் இல்லை. தனியாக மாற்ற முடியுமா, இல்லை ஃப்ளைவீலே வேறு வாங்கவேண்டுமா?

லேத்மணி:
ரிங் கியர் மட்டும் மாற்றலாம். பழையதை வெட்டி எடுத்துவிட்டு புதியதைச் சூடாக்கி இறக்கினால் ஆறும்போது தானே இறுக்கிக்கொள்ளும். பல் எண்ணிக்கை மட்டும் செல்ஃப் பினியனோடு பொருந்தவேண்டும், அதை எண்ணிச் சொல்லுங்கள். உடைந்த பல்லையும் சேர்த்து எண்ணவும்.